கோட்டுக்கு அடியில் கோடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாதிப் பழி நம் கூடைப்பந்து கிளப்பின் சிமென்ட் கோர்ட்டுக்கு, மீதி உன் பிடிவாதத்துக்கு. ஐம்பது வயதுக்கு மேலும் ரீபவுண்டுக்கு எகிறாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இங்கே கிளப்புக்கு ஐம்பதாம் ஆண்டு. மலர் போடுகிறார்கள். வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மினிட்ஸ் நோட்டுகளைக் கேட்டேன். முதல் இரண்டு நோட்டுகளைக் காணோம். இருப்பவற்றில் சந்தா பாக்கிக்கு அடுத்தபடியாக அதிகம் வரும் வாக்கியம் "நெட் கிழிந்துள்ளது, மாற்ற வேண்டும்" என்பதுதான். மாற்றியதாக ஒரு குறிப்பும் கிடையாது. முதல் கம்பத்தை நட்டது தாங்கள்தான் என்று பெரியவர்கள் இருவர் தனித்தனியாக என்னிடம் சத்தியம் செய்கிறார்கள். இருவரையும் போட்டுவிடப் போகிறேன். இரண்டு கம்பம் இருந்ததே, ஆளுக்கு ஒன்று!

மலர்க் குழுப் பையன்கள் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். 1891 டிசம்பர், பதினெட்டு மாணவர்கள், பால்கனியில் அறைந்த பீச் பழக் கூடைகள், முதல் ஆட்டம் 1-0. இதெல்லாம் எல்லா மலரிலும் வருவதுதானே என்றேன். ஆனால் ஒன்றை மட்டும் விட மனசில்லை. அந்தக் கூடைகளுக்கு அடி இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு யாராவது ஏறித்தான் பந்தை எடுக்க வேண்டும். நம் கோர்ட்டில் மதில் தாண்டிப் போன பந்துக்கு யார் ஓடினார்கள்? அணியில் இளையவன். முதல் இரண்டு வருஷம் நான் ஆடியதைவிட மதில் ஏறியதுதான் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டுக்குப் புதுப் பூச்சு போடப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன் மத்தியானம் வரை அங்கேயே குந்திவிட்டேன். வெள்ளையை எடுத்தால் மஞ்சள், மஞ்சளை எடுத்தால் மறுபடி வெள்ளை. மேலே ரிங்குக்கு முன்னால் இருப்பது செவ்வகம். அதற்கு அடியில் நம் காலத்து சரிவகம், ரிங் பக்கம் அகலமாக, ஃப்ரீ த்ரோ கோட்டில் குறுகி. மூணு செகண்டுக்கு மேல் அதற்குள் நின்று எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்திருப்பேன்! சர்வதேச விதியில் 2010-ல்தான் அதைச் செவ்வகமாக்கினார்கள். அதே வருஷம், வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயின்ட் தரும் வளைவும் 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப் போனது. தரையில் இரண்டு வளைவும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. உள்வளைவுக்கும் கீழே சுரண்டினால் வெறும் சிமென்ட். 1984-க்கு முன்பு நமக்கு அந்தக் கோடே இல்லையே. நீ கோடில்லாத காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்ததெல்லாம் வெறும் இரண்டு பாயின்ட்டாகப் போனது. பாவி, ஐந்து வருஷம் தள்ளிப் பிறந்திருக்கலாம்.

அந்த உள்வளைவைப் போட்ட சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? நெட்டை அண்ணன் ரிங்குக்கு நேர் கீழே ஆணியடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸை முடிந்து குனிந்தபடியே நகர்ந்தாரே. வலது பக்கம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கயிறு ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தது. மறுநாள் அதே கயிற்றால் இடது பக்கம். நேற்று டேப் வைத்து அளந்தேன். வலது பக்கம் சரியாக 6.25. இடது பக்கம் பத்து சென்டிமீட்டர் குறைவு! நனைந்த கயிறு சுருங்கியிருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அதே கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறோம், ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் நீ எப்போதும் இடது மூலைக்குத்தான் ஓடுவாய். நிஜத்தைச் சொல், உனக்குத் தெரியுமா?

நேரம் பார்த்தவரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அப்போது பந்து கைக்கு வந்தால் முப்பது செகண்டுக்குள் ஷாட் எடுக்க வேண்டும், இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி. 2000-க்குப் பிறகுதான் இருபத்துநாலு செகண்டும் பத்து நிமிஷக் குவார்ட்டர்களும் வந்தன. நம்மிடம் ஏது ஷாட் கிளாக்? அவர் கைக்கடிகாரம்தான். கடைசிப் பத்து செகண்டை உரக்க எண்ணுவார். நம் கையில் பந்து இருந்தால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒருமுறை இருமுவார். எதிரணிக்கு ஒருநாளும் இருமல் வந்ததில்லை. மலரில் இதைப் போடலாமா கூடாதா என்று குழுவில் வாக்குவாதம் நடக்கிறது. நான் போடச் சொல்கிறேன்.

ஒரு மினிட்ஸ் குறிப்பு உனக்குப் பிடிக்கும். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா தன் பெயரில் இருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை 1986-ல் எடுத்துவிட்டது. 1989-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் அமெரிக்கத் தொழில்முறை நட்சத்திரங்கள் ஜோர்டானும் மேஜிக் ஜான்சனும் ஆடிய பிறகு, நாமும் கிளப் பெயர்ப் போர்டில் அந்தச் சொல்லை அழித்துவிடலாமா என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். "பெயிண்ட் செலவை உத்தேசித்து ஒத்திவைக்கப்பட்டது." இன்னும் ஒத்தியே கிடக்கிறது! ஐம்பது வருஷத்தில் ஒருவனுக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை, போர்டு பொய் சொல்லவில்லை.

பசங்களுக்கு இப்போது 0, 23, 77 என்று ஜெர்சி. நமக்கு 4-லிருந்து 15 வரைதான். 1, 2, 3 எல்லாம் ரெஃபரி விரல் காட்டும் எண்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நன்றாக ஆடுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். பெண்கள் அணிக்கு இப்போது காலை நேரம் முழுக்க ஒதுக்கியாகிவிட்டது. நம் காலத்தில் அவர்களுக்கு அரைமணி நேரம்கூடக் கோர்ட் தரக்கூடாது என்று எவ்வளவு சண்டை போட்டோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதையும் ஒரு பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் உன் பெயரும் என் பெயரும் வரும், கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் அந்த நீல அட்டை ஸ்கோர் புக் இருக்கிறதா என்று பரணில் தேடச் சொல். நீ ஏறாதே. பூச்சு திங்கட்கிழமை. அதற்குள் இடது மூலையைப் படம் எடுத்துவிட்டேன், கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அளவுக்காகக் கிடக்கும் செருப்பு என்னுடையது.

உன்,
பழைய ஏழாம் நம்பர்