பைப் ஆர்கன் ஓய்ந்தால் குழல்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம், ஏற்காடு வட்டாரத் தேவாலயங்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், பைப் ஆர்கன் (துருத்திக் காற்றால் குழல்களை ஒலிக்கச் செய்யும் இசைக்கருவி) பழுதானால் கீபோர்டு வாங்குவதே சிக்கனம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அதை நம்பி எந்தச் சபையும் குழல்களைப் பழைய ஈயத்தின் விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நான்கு ஸ்டாப்பும் (ஒரு குழல் வரிசையை ஒலிக்க வைக்கும் இழுகுமிழ்) 56 கட்டையும் கொண்ட சின்ன ஆர்கனிலேயே, ஒவ்வொரு வரிசையிலும் கட்டைக்கு ஒரு குழல் என்று முழுமையாக இருந்தால் 224 குழல்கள். அவை எளிதில் கெடுவதில்லை. கெடுவது துருத்தித் தோலும் வால்வுத் தோலும்தான்.

முதலில் காற்றைப் பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை 'ப' எழுத்துபோல் வளைத்து, பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். சின்னக் குழல் ஒன்றை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் டியூபின் ஒரு முனையைக் காற்றுப் போகாமல் பொருத்தி, அந்த ஸ்டாப்பை இழுத்து, கட்டையை அழுத்துங்கள். இரு பக்கத் தண்ணீருக்கும் 65 முதல் 75 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலான சிறிய ஆர்கன்களுக்கு அது சரியான அழுத்தம். இன்னொருவர் இரு கைகளாலும் நிறைய கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது மட்டம் சரிந்தால் எங்கோ காற்று ஒழுகக்கூடும். துருத்தி மடிப்பின் மூலைகளில் காதை வையுங்கள், சீறல் கேட்கும். சத்தம் குறைந்துவிட்டதென்று துருத்திமேல் செங்கல்லை அடுக்குவது பெருந்தவறு. சுருதி ஏறும், குழல்கள் கீச்சிடும், நைந்த தோல் கிழிந்தே போகும்.

தோல் மாற்ற மெல்லிய, மிருதுவான ஆட்டுத்தோல் வேண்டும், ரெக்சின் ஆகாது. வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கும் மாநிலத்தில் தோலுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒட்டுவதற்குத் தச்சர்களின் பழைய வச்சிரப் பசைதான் (விலங்குத் தோலிலிருந்து எடுப்பது) சரி. இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுமார் 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். ஃபெவிகால் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம், அடுத்த தலைமுறை இந்தத் தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும்; வச்சிரம்தான் அதற்கு இடம் கொடுக்கும்.

மழைக்காலத்தில் மலையில் அதிகம் வரும் புகார், கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஊளையிடுவது. எந்த ஸ்டாப்பை இழுத்தாலும் அதே சுரம் கேட்டால், அந்தக் கட்டைக்குக் காற்று விடும் வால்வு மூடவில்லை என்று பொருள். கட்டையைப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாகத் தட்டுங்கள். தூசியாக இருந்தால் காற்றே தள்ளிவிடும். நிற்காவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். உப்பிய மரத்தை உடனே இழைக்காதீர்கள், பங்குனி வெயிலில் அது சுருங்கிக் கடகடக்கும். ஹீட்டர் வைத்துச் சட்டென உலர்த்துவதும் கூடாது. குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் பலகை வெடித்தால் ஒரு கட்டைக்கு இரண்டு சுரம் ஒலிக்கும். ஒரே ஒரு குழல் மட்டும் பேசாவிட்டால் அதன் வாயில் குளவி மண் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கரையானையும் எலியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உலோகக் குழல்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. விரல் அழுத்தினாலே நசுங்கும். குத்துவிளக்கு தேய்க்கும் புளி இவற்றுக்கு ஆகவே ஆகாது, அமிலம் ஈயத்தை அரிக்கும். மென்மையான பிரஷ் போதும். கழற்றும்போது ஒவ்வொரு குழலிலும் பொறித்திருக்கும் சுரப் பெயரைக் குறித்துக்கொண்டு, பெட்டியில் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும்.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். 100 சென்ட் அரைச்சுரம் என்பதால், பத்து டிகிரிக்கே காதில் உறைக்கும் வித்தியாசம். ஆகவே ஆராதனை நடக்கும் நேரத்து வெப்பநிலையில்தான் சுருதி சேர்க்க வேண்டும். உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்கள் இந்த ஏற்றத்தோடு அப்படியே நகர்வதில்லை. வெயில் மாறி இரு வகைக் குழல்களும் ஒன்றோடொன்று பிசகினால், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழல்களை மட்டும் மற்றவற்றோடு சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.