உலைப்பிரிவுத் தோழர்களுக்கும் தீக்காயப் பிரிவினருக்கும் நன்றி மடல்

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் நான் பணிபுரியும் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில், உருக்குவதற்காக உலையில் இட்ட ஸ்கிராப் (பழைய இரும்பு) குழாய் ஒன்றினுள் தேங்கியிருந்த மழைநீர் நொடியில் நீராவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து வெடித்தது. 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இரும்புக் குழம்பு தெறித்து என் வலது பூட்ஸுக்குள் இறங்கியதை உங்களுள் பலர் நேரில் கண்டீர்கள். இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன்.

பூட்ஸுக்குள் புகுந்த இரும்பு, இறுகிய பின்னும் சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அதை அறிந்து, தம் கையுறை கருகுவதையும் பாராமல் பூட்ஸை உருவி எறிந்தவர் லேடில் (இரும்புக் குழம்பை ஏந்தி ஊற்றும் கலன்) பிடிக்கும் ஒடிசாத் தம்பி. வார்ப்புக்கான மணல் உள்ளச்சுகளைச் செய்யும் கோர் ஷாப் அக்கா, பற்பசையோடும் ஐஸோடும் ஓடிவந்தவர்களை அதட்டி நிறுத்தி, உலைக்கு எட்டாத தொலைவிலிருந்த குழாயடிக்கு என்னைத் தூக்கிவரச் சொல்லி, 20 நிமிடம் காலின்மேல் தண்ணீர் ஓடச் செய்தார். (உருகிய இரும்பின் அருகே தண்ணீரைக் கொண்டுவந்திருந்தால் இன்னொரு வெடிப்பு நிகழ்ந்திருக்கும்; அந்தப் பதற்றத்திலும் அவர் அதை நினைத்திருக்கிறார்.) காயம் இன்னும் ஆழமாகாமல் காத்தது அந்தத் தண்ணீர்தான் என்று மருத்துவர் பின்னர் என் மனைவியிடம் கூறினார்.

தொடையிலிருந்து தோலெடுத்துக் கணுக்காலில் ஒட்டிய மருத்துவர்களுக்கும், கட்டுமாற்றும் வேளைகளில் நான் போட்ட கூச்சலைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும் கடமைப்பட்டுள்ளேன். எனினும் இயன்முறை மருத்துவர் அம்மாவுக்கே பெரும்பங்கு நன்றி உரியது. ஒட்டிய தோல் சுருங்கினால் கணுக்கால் மடங்காமல் போய்விடும் என்பதால், நான் கெஞ்சினாலும் திட்டினாலும் பயிற்சியை ஒருநாளும் அவர் விடவில்லை. தழும்பு தடிக்காதிருக்க இறுக்கமான காலுறையை நாளுக்கு 23 மணி நேரம் அணியவும் பழக்கினார்.

ஒப்பந்தக்காரர் விபத்து அறிக்கையை அனுப்பத் தயங்கியபோது, விடாது சென்று கேட்டு அனுப்பவைத்தவர் சங்கச் செயலாளர். பணியிட விபத்துக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழங்கும் 90 விழுக்காட்டு ஊதியம் எனக்குக் கிடைத்ததும், பிள்ளைகளின் படிப்பு நிற்காததும் அவரால்தான்.

இப்போது ஸ்கிராப் குவியலுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். துண்டுகளைச் சூடேற்றி உலர்த்திய பிறகே உலையில் இடுகிறார்கள். பூட்ஸின் வாயை மூடும் தோலுறையும் எல்லோருக்கும் வந்துவிட்டது. இவற்றைக் கேட்டுப் பெறும்வரை நிர்வாகத்தை விடாத இரவுப்பணித் தோழர்களுக்கும் என் நன்றி.

அன்புடன்,
உலைப்பிரிவுத் தொழிலாளி ஒருவன்,
கோவை.