மேலே குடியிருப்பவர்களுக்கும் அளவுகளைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுரங்க மெட்ரோ பணிகள் பற்றிய செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். சுரங்கம் தோண்டும் இயந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு நிலையத்துக்குள் வரும் படம், எத்தனை மீட்டர் முடிந்தது, ரயில் எப்போது ஓடும் என்பதெல்லாம் வருகின்றன. அந்த இயந்திரம் எந்த வீடுகளுக்கு அடியில் போனதோ, அவற்றைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. நான் சுரங்கப் பணிகளில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வீடுகள் இறங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுரங்கம் தோண்டினால் மேலே தரை கொஞ்சமாவது இறங்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இயந்திரத்தின் முன்னால் சுழன்று மண்ணை வெட்டும் தலையின் விட்டம், பின்னால் பொருத்தும் கான்கிரீட் வளையத்தின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விழும் இடைவெளியை உடனுக்குடன் கிரவுட் என்ற சிமெண்ட் கலவையைச் செலுத்தி நிரப்ப வேண்டும். வெட்டும் முகப்பில் மண்ணையும் நீரையும் தடுத்து நிறுத்தும் அழுத்தமும் குறையக் கூடாது. இரண்டும் ஒழுங்காக நடந்தால், தோண்டிய அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான மண்தான் கூடுதலாக உள்ளே வரும். மேலே சில மில்லிமீட்டர் இறக்கத்தோடு போய்விடும். வீடு மொத்தமும் சீராக இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மூலை இறங்கி மறு மூலை அப்படியே நின்றால்தான் சுவர் பிளக்கும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் விடியற்காலையில், வண்டிப் போக்குவரத்து தொடங்கும் முன், சாலையில் அடித்த ஆணிகள் மேல் ஸ்டாஃப் என்ற அளவுக்கோலை நிறுத்தி லெவல் எடுப்போம், அதாவது தரையின் உயரத்தை அளப்போம். சுவர் விரிசல்களின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டுவோம். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், மற்றதில் சிவப்புக் கூட்டல் குறி. விரிசல் அகன்றால் குறி கட்டத்தின் மேல் நகர்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து "எவ்வளவு சார் இறங்கியிருக்கு?" என்று கேட்பார்கள். சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். அதற்கு மேலே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. அவரிடம் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான். பணி தொடங்கும் முன் அந்த வீட்டை அறை அறையாகப் படமெடுத்து, இருந்த விரிசல்களையெல்லாம் குறித்த அறிக்கை ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. பின்னால் அவர் முறையிட்டபோது "இது பழைய விரிசல்" என்று பதில் வந்தது. அந்த அறிக்கையின் நகல் அவர் கையிலும் இருந்திருந்தால் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கவே முடியாது.

அளவுகள் பொறியாளர்களுக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் நிக்கோல் ஹைவே அருகே மெட்ரோவுக்காகத் தோண்டிய ஆழ்குழி சரிந்து 4 பேர் இறந்தார்கள். குழியின் பக்கச்சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைவது கருவிகளில் முன்பே தெரிந்திருந்தது. கணக்கை மறுபடி போட்டு, எச்சரிக்கை வரம்பை உயர்த்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை, விசாரணையில் வெளிவந்தது. வரம்பை மாற்றுவது நாலு பேருக்குத் தெரியும்படி நடந்திருந்தால், யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்பார்.

2009 மார்ச்சில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிந்து, பக்கத்திலிருந்த மெட்ரோ குழியை நோக்கிச் சரிந்தது. குழியின் சுவரில் இருந்த குறை வழியாக நிலத்தடி நீரும் மணலும் உள்ளே பாய்ந்ததுதான் காரணம். பக்கத்து வீடுகளில் 2 பேர் உயிரிழந்தார்கள். காப்பகத்துக்குள் இருந்தவர்கள் தப்பியது, தொழிலாளர்கள் நேரில் வந்து எச்சரித்ததால்தான். கொல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் இறுதியில் பவ்பஜாருக்கு அடியில் இயந்திரம் நீர் நிறைந்த மண் அடுக்கில் முட்டியதும் பழைய வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் அதே பகுதியில் மீண்டும் விரிசல்கள் விழுந்தன.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் உழைப்பும் அதில் இருக்கிறது. வீட்டு அறிக்கையின் நகலைப் படங்களோடு, பணி தொடங்கும் முன்பே உரிமையாளரிடமும் குடியிருப்பவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அன்றன்று எடுக்கும் இறக்கத்தையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் தெருமுனையில் பலகை வைத்து, அனுமதித்த வரம்பையும் பக்கத்திலேயே போட்டு எழுத வேண்டும். வரம்பை மாற்றினால் யார் மாற்றினார், எதற்காக என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். எண்களைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அலுவலகங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு. நான் பார்த்தவரை, எண் தெரியாதவர்கள்தான் ராத்திரி தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று. களிமண் நிலத்தில் இயந்திரம் கடந்துபோன பிறகும் மாதக்கணக்கில் இறக்கம் தொடரும். ஒப்பந்தம் முடிந்தது என்று அளவெடுப்பதையும் இழப்பீட்டு மனுக்கள் வாங்குவதையும் அன்றோடு நிறுத்திவிடக் கூடாது. இறக்கம் நின்றுவிட்டது என்று அளவுகள் காட்டும்வரை இரண்டும் நடக்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்