பின்னால் வந்தவனுக்கு

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ எழுதிய இரண்டு கடிதங்களும் மேசை மேலேயே கிடக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு எழுதுவோம் என்று தள்ளிவிட்டேன். மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. அக்கா வீட்டில் எல்லோரும் நலம். நெட்டையன் அந்த ஸ்பானரை இன்னும் திருப்பித் தரவில்லை. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி, நான் சொல்ல வந்தது வேறு.

மோட்டார் சைக்கிளின் சைலன்சரைப் பிரித்தேன். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும்.

சின்னவன்தான் முதலில் சொன்னான், "அப்பா, வண்டி சத்தம் டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு" என்று. எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றேன். அவன் விடவில்லை. போன வருடம் மண் பாதையில் எடுத்த வீடியோவைத் தேடிப் போட்டுக் காட்டினான், பிறகு அதே போனில் இப்போதைய சத்தத்தைப் பிடித்துப் போட்டான். பழையது அடங்கி, கொஞ்சம் கனமாக இருந்தது. புதியது வறண்டு போய்க் கணீர் கணீரென்று அடித்தது. அவனுக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று கேட்டது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. இதை மனசில் வைத்துக்கொள், திரும்ப வருகிறேன்.

ரிவெட் தலைகளை டிரில் போட்டு எடுத்தேன். அதற்கு முன்னால் மூடி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு, அதை மட்டும் மறக்கவே கூடாது. மூடி அசையவில்லை. எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. கொஞ்சம் சூடு காட்டி, மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டிய பிறகுதான் கழன்றது. உள்ளே பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. குழாய் நுழையும் இடத்தில் பேக்கிங்கே, அதாவது சத்தத்தை உறிஞ்சக் குழாயைச் சுற்றி வைக்கிற கண்ணாடி நாரே, இல்லை, நார் நாராகப் பறந்து போயிருக்கிறது. மிச்சம் இருந்ததும் எண்ணெய் குடித்து அட்டை போல விறைத்துக் கிடந்தது. நடுக்குழாயின் துளைகளில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. சத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் கண்ணாடி நாருக்குள் போக வேண்டும், அங்கே நார்களோடு உரசி உரசித்தான் சூடாகக் கரைய வேண்டும். துளையும் இல்லை, நாரும் இல்லை என்றால் அது வெறும் தகர உருளை.

நம் பழைய சண்டையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சைலன்சர் மூச்சை அடைக்கிறது, கழற்றி எறிந்தால் வண்டி பறக்கும் என்பாயே, இல்லை. நம் வண்டி மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வாசலை மூடித் திறக்க வால்வு கிடையாது, பிஸ்டன்தான் கதவு. புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும் புது பெட்ரோல் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுவது முன்னால் வயிறு புடைத்த அந்த எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதன் பின்பக்கக் கூம்பில் பட்டுத் திரும்பி வரும் அழுத்த அலை. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் இதைத் துருவித் துருவித்தான் 1961-இல் ஒரு 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத் திறன் எடுத்தார். சக்தி அந்த வயிற்றில் இருக்கிறது. சைலன்சர் அதற்குப் பின்னால் நிற்பது. அதைக் கழற்றினால் சத்தம்தான் கூடும், சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி நமக்குத் தோன்றும். நாம் இத்தனை வருடம் ஏமாந்தது அங்கேதான்.

சரி, இவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வந்தது? எனக்கு முதல் பயம் கிராங்க் சீல், இன்ஜினுக்குள் கியர் ஆயில் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம். அது போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிவிடும். கியர் ஆயில் அளவைப் பார்த்தேன், குறையவில்லை, நிம்மதி. பெட்ரோலில் கலக்கிற எண்ணெயும் 40-க்கு 1, சரியாகத்தான் ஊற்றுகிறேன். கடைசியில் பார்த்தால் கார்புரேட்டரில் பைலட் ஜெட்தான், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னத் துளை, ஒரு அளவு பெரியது. பாறையும் ஏற்றமுமாக மெதுவாகவே ஓட்டுகிறவனுக்கு அது எரியாத எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மாற்றிவிட்டேன்.

பேக்கிங் சுற்றும் வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. முழுக்கை சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் வேண்டும். அந்த நார் தோலில் ஏறினால் ராத்திரி தூக்கம் இல்லை. குழாயைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. நீள நார் உள்ள சைலன்சர் ஷீட்தான் வாங்க வேண்டும், வீட்டுக் கூரைக்குப் போடுகிற பஞ்சு ஆகாது, சூட்டில் உதிர்ந்து பறந்துவிடும். குழாயைச் சுற்றி இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் சுற்றி, பேப்பர் டேப் ஒட்டி, திருகித் திருகி உள்ளே நுழைக்க வேண்டும். முதல் தடவை குழாய் நுனிக்கும் பின் மூடியின் வளையத்துக்கும் நடுவில் நார் மாட்டிக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்ததால் தெரிந்தது, இல்லாவிட்டால் குழாய் உட்காராமலே ரிவெட் அடித்திருப்பேன். பிறகு விளிம்பில் சூடு தாங்கும் சிலிக்கான், புது ரிவெட், ஒரு நாள் காய விட்டேன். முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் புகையும், டேப் எரிகிறது, பயப்படாதே.

ஸ்டார்ட் செய்ததும் சின்னவன் கையைத் தட்டினான், "இப்போதான்ப்பா நம்ம வண்டி" என்று. நான் தலையாட்டினேன். ஆனால் மாப்ளே, அவன் கேட்ட அளவு மாற்றம் எனக்குக் கேட்கவில்லை. அன்று இரவு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் பேசுவது முணுமுணுப்பதாகத் தெரிகிறது, "பசி" என்றாளா "படி" என்றாளா என்று திரும்பக் கேட்கிறேன். அப்புறம் காது பரிசோதனைக்குப் போனேன். அந்த வரைபடத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுகிறது, இரண்டு காதிலும். இரைச்சலால் வருகிற பள்ளம் அங்கேதான் விழுமாம். உள்காதில் சத்தத்தை உணர்கிற முடிச் செல்கள் செத்துப்போனால் திரும்ப முளைக்காது.

85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறார்கள், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். நாம் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஓட்டினோம். பேக்கிங் தேயத் தேயச் சத்தம் கூடியது, சத்தம் கூடக் கூடக் காது மங்கியது, அதனால் சத்தம் கூடியதே எனக்குத் தெரியவில்லை. ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இதற்காகத்தான் எழுதுகிறேன். நான் முன்னால் போனேன், என் சைலன்சர் வாய் உன்னைப் பார்த்துத்தான் இருந்தது. பதினோரு வருடமாக எல்லாப் பாதையிலும் நீ என் பின்னால்தான் வந்தாய், பாதி வருடம் பேக்கிங் இல்லாத வண்டிக்குப் பின்னால். ஒரு தடவைகூட முந்திப் போகிறேன் என்று நீ கேட்டதில்லை. நான் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு வந்து சேருவாய். அந்தச் சிரிப்பை இந்த ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த வாரமே போய்க் காதைப் பரிசோதித்துக்கொள். உனக்கு ஒன்றும் இருக்காது என்று போனில் சொல்லாதே, அந்த வரைபடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, என்னுடையதையும் இதோடு வைத்திருக்கிறேன். நுரை அடைப்பான் ஒரு பெட்டி தனியாக வரும். நுனியை உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வை, அப்போதுதான் சரியாக உட்காரும். ஹெல்மெட்டுக்குள் தொந்தரவே இல்லை.

ஷீட் உன் வண்டிக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் நீயாக ரிவெட்டில் கை வைக்காதே, கோடு போட மறந்துவிடுவாய். டிரில்லை மட்டும் சார்ஜ் போட்டு வை.

உன்,
மாப்ளே