பம்பைமடுவுக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்

வவுனியாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், பேரவை உறுப்பினர்களுக்கும், பிரயோக விஞ்ஞான பீட ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் செட்டிகுளம் பக்கத்தில் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் செய்கிற கமக்காரன். எங்கள் கமக்காரர் அமைப்பில் கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலை. வவுனியா ரவுணுக்கு எந்த அலுவலாகப் போனாலும் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிற உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கிழமையில் ஒருநாள், முடியாவிட்டால் அரை நாள், அந்த வாசலால் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் வயல் மண்ணும் உள்ளே வர வழி செய்யுங்கள். சோதித்துப் பார்த்து, முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். இலவசமாகக் கேட்கவில்லை.

உங்களிடம் ஏன் வந்தோம் என்பதற்குப் பழைய கதை கொஞ்சம் சொல்லவேண்டும். 1991இல் இது வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1997 ஏப்ரல் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் ஆனது. அடுத்த மாதம் 13ஆம் திகதி, ஏ9 வீதியைப் பிடிக்க இராணுவம் நடத்திய ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிவிட்டது. வளாகத்துக்கு வயது ஆறு கிழமை. ஏ9 வீதி முழுக்க ஷெல் சத்தம். வவுனியாவில் தங்கவே பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ரவுணுக்குள் சிதறிக் கிடந்த கட்டடங்களில் விரிவுரை நடந்தது. பிள்ளைகளுக்கு அறை கொடுத்ததும், சோறு கொடுத்ததும், பாஸ் சிக்கல் வந்தால் கூடப் போய் நின்றதும் ஊர்ச் சனம்தான்.

பிறகு பம்பைமடு. 2009இல் அங்கே இருந்த வளாக விடுதிக் கட்டடங்களில் இருந்தவர்கள் மாணவர்கள் இல்லை. போரின் கடைசியில் வெளியே வந்த பெண்களைப் புனர்வாழ்வு என்ற பெயரில் அங்கேதான் வைத்திருந்தார்கள். அதே நேரம் எங்கள் பக்கத்து மெனிக் பாம் அகதிமுகாமில் லட்சக்கணக்கான சனம் கூடாரத்தில் கிடந்தது. இதை வளாகத்தின் வரலாற்றில் எழுதுவீர்களோ இல்லையோ, எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்று அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு, காலி முதல் குருநாகல் வரை இருந்து வருகிற சிங்களப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, அது தெரிந்திருப்பது நல்லது.

2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. எங்களுக்கு அந்த வருடம் நினைவில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மே மாதம்தான் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது. காலபோகத்துக்கு யூரியா இல்லை. கார்த்திகை கடைசியில் தடை எடுபட்டபோது எங்கள் வயலில் விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகம் வந்த சந்தோசத்தைக் கொண்டாட அந்த மாரியில் யாருக்கும் மனம் இல்லை. ஆனால் ஒன்றைப் படித்துக்கொண்டோம்: எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. காலம் காலமாக அடிக்கட்டுப் பசளைக்கு ரீ.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையை அள்ளிக் கொட்டிய வயலில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கி நிற்கலாம். சோதித்துத் தெரிந்தால் அதைக் குறைத்துப் போடலாம், காசு மிஞ்சும். தெரியாததால் பக்கத்து வயல்காரன் எத்தனை அந்தர் போட்டானோ அத்தனையை நாமும் போடுகிறோம்.

மண்ணை விடுங்கள். அவசரம் தண்ணீருக்குத்தான்.

எங்கள் பக்கத்துக் கேத்தில் ஒன்றைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளையாக ஓடு பிடித்திருக்கும். கரண்டியால் சுரண்டினால் பொருக்காகக் கழரும். குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது. சில வீட்டுப் பிள்ளைகளின் முன்பல்லில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிட்னி வருத்தக்காரர் இல்லாத ஊர் குறைந்துகொண்டே வருகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுகொண்ட அந்த நோய்க்கு மாகாண எல்லை தெரியாது. வவுனியாவின் தெற்கிலும் எங்கள் பக்கத்திலும் அது இருக்கிறது. காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடின நீரும், பல்லில் அந்தக் கறையைக் கொண்டுவருகிற புளோரைட்டும் சேர்வதைச் சிலர் சொல்கிறார்கள், சிலர் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினியை, சிலர் வெயிலில் தண்ணீர் விடாய்க்க விடாய்க்க வேலை செய்வதை. அந்த விவாதத்தை நீங்கள் நடத்துங்கள். எனக்குத் தெரியவேண்டியது என் கிணற்றின் கணக்கு.

இலங்கைத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை விடுகிறது. வெக்கையான நாட்டில் சனம் கூடத் தண்ணீர் குடிக்கும் என்பதால் எங்களுக்கு அதைவிட இறுக்கமான அளவு. கடினத்தன்மைக்கு எல்லை 250 மில்லிகிராம். இந்த எண்கள் எனக்குத் தெரியும். என் கிணற்றின் எண் தெரியாது. எங்கள் ஊரில் பலர் கொதிக்க வைத்துக் குடித்தால் சரி என்று நம்பியிருக்கிறார்கள். கிருமிக்கு அது சரி. புளோரைட்டு கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பல்கலைக்கழகத்துத் தாளில் எழுதி வந்தால் நம்புவார்கள்.

முன்பு ஒருமுறை எங்கள் ஊருக்கு வாகனத்தில் வந்து, கிணறு கிணறாகப் போத்தலில் தண்ணீர் எடுத்து, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கேயோ ஓர் அறிக்கையில் ஓர் அட்டவணையாகியிருக்கும். கிணற்றுக்காரி அதே தண்ணீரைத்தான் இன்னும் குடிக்கிறா.

உங்களிடம் உயிரியல் விஞ்ஞானத் துறையில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நீரின் கடினத்தன்மையை அளப்பது அவர்களுக்குப் பெரிய வித்தை இல்லை. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் உயர்தரம் படிக்கிற பெட்டை ஒருத்தி செய்து காட்டியதை நின்று பார்த்தேன். கூம்புக் குடுவையில் ஊர்த் தண்ணீர், அதில் நிறம் மாறிக் காட்டுகிற 'காட்டி' மருந்தை விட்டதும் வைன் சிவப்பு. அளவி என்கிற, கோடு போட்ட கண்ணாடிக் குழாயைத் திறந்து ஈ.டி.ரீ.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தா. கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சொட்டு, முழுக்க நீலம். அளவியை வாசித்து, கணக்குப் போட்டு, "அங்கிள், இது கூடின கடினம்" என்றா. பள்ளிக்கூட மேசையில் முடிகிற காரியம் இது. புளோரைட்டுக்கும் மண்ணுக்கும்தான் உங்கள் ஆய்வுகூடம் தேவை.

அதைக் கிளிநொச்சியில் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, உண்மைதான். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, மறுபடி வன்னிக்குத் திரும்பிய பீடம் அது. அதன்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் செட்டிகுளத்திலிருந்து அது கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். போத்தலைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாற யாரும் புறப்படமாட்டார்கள். பம்பைமடு என்றால் சந்தைக்குப் போகிறவனிடம் கொடுத்துவிடலாம்.

உங்கள் பக்கச் சிக்கலும் விளங்காமல் இல்லை. 2022க்குப் பிறகு இரசாயனப் பொருளின் விலை எங்கேயோ போய்விட்டது. ஆய்வுகூட உத்தியோகத்தர் குறைவு. நாளைக்கு யாராவது உங்கள் தாளைக் காட்டி வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கும். முத்திரை குத்திய சான்றிதழ் எங்களுக்கு வேண்டாம். "வழிகாட்டலுக்கு மட்டும்" என்று மேலே அச்சடித்துவிடுங்கள். செலவுக்கு ஒரு தொகை வையுங்கள், கட்டுகிறோம். ஏலாதவர்களுக்கு அமைப்பு கட்டும். இறுதி வருடப் பிள்ளைகளின் ஆய்வுக்கு மாதிரி தேவைப்படும்தானே? எங்கள் கிணறுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, முடிவு திரும்பி வீட்டுக்கு வரவேண்டும்.

இன்னொன்று. தண்ணீரை மார்கழியில் வந்து எடுக்காதீர்கள். மழைக்குக் கிணறு நிரம்பி நிற்கும்போது எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஆவணி, புரட்டாசியில், கயிறு முழுவதும் இறங்குகிற நேரத்தில் எடுத்தால்தான் உண்மை தெரியும். இரண்டு காலத்திலும் எடுத்தால் இன்னும் நல்லது. போத்தலை எப்படிக் கழுவுவது, எத்தனை மணித்தியாலத்துக்குள் கொண்டுவருவது என்று உங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருநாள் வந்து காட்டித்தந்தால் போதும். பொதுநோக்கு மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம், மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

எந்தக் கிழமை நாள் உங்களுக்கு வசதி, முதல் நாளுக்கு எத்தனை போத்தல் கொண்டுவரலாம் என்பதை எங்கள் பிரதேசக் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதத்தில் அறிவியுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செட்டிகுளம் பிரதேசக் கமக்காரன் ஒருவன்