பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ பேசும்போது உன் குரலே சரியில்லை. "கோட் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது" என்று மூன்று தடவை சொன்னாய். போனை வைத்த பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. நீ அனுப்பிய கோப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

உன் வேர்ட்பிரஸ் தளத்தில் கடைக்காகச் சேர்த்திருக்கும் பிளக்கின், அதாவது துணை நிரல், பக்கத்தின் அடியில் ஒரு அறிவிப்பைப் போடுகிறது. அதை எடுக்க ரிமூவ் ஆக்‌ஷன் எழுதியிருக்கிறாய். ஹூக், அதாவது வேர்ட்பிரஸ் ஓடும்போது நம் ஃபங்ஷனை மாட்டிவிடும் கொக்கி, அதன் பெயர் சரி. ஃபங்ஷன் பெயரும் சரி. ஆனால் அந்தப் பிளக்கினை எழுதியவர்கள் அதை 20 என்ற பிரையாரிட்டியில், அதாவது வரிசை எண்ணில், மாட்டியிருக்கிறார்கள். நீ எண் எதுவும் தரவில்லை. தராவிட்டால் வேர்ட்பிரஸ் 10 என்று எடுத்துக்கொள்ளும். 10-ல் போய்த் தேடும், அங்கே அது இருக்காது, ஃபால்ஸ் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விடும். எரர் எதுவும் வராது. மாட்டிய அதே எண்ணைக் கொடுத்தால்தான் கழன்று வரும்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாது பாப்பா. அவர்கள் மாட்டுவதே, பிளக்கின்கள் எல்லாம் ஏறிய பிறகு வரும் இனிட் ஹூக் ஓடும்போதுதான். உன் வரியோ உன் பிளக்கின் கோப்பு ஏறும்போதே ஓடி முடிந்துவிடுகிறது. இன்னும் மாட்டாத ஒன்றை எப்படிக் கழற்றுவது? உன் வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு டபிள்யூபி லோடட் ஹூக்கில் மாட்டு. அது இனிட்டுக்குப் பிறகுதான் வரும். கழற்றும் முன் ஹேஸ் ஆக்‌ஷனை அந்த ஃபங்ஷன் பெயரோடு கூப்பிட்டுப் பார். மாட்டியிருந்தால் பிரையாரிட்டி எண்ணைத் தரும், இல்லையென்றால் ஃபால்ஸ். அந்த எண் 0-ஆகவும் இருக்கலாம், அதனால் மூன்று சமக்குறி போட்டே ஒப்பிடு, இரண்டு போட்டால் 0-வும் ஃபால்ஸும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்றும் உன் கோப்பில் பார்த்தேன். ஒரு மதிப்பை வாங்கி மாற்றித் திருப்பித் தரும் ஹூக்கான ஃபில்டரில் பெயரில்லாத ஃபங்ஷன் வைத்திருக்கிறாய். நாளைக்கு வேறொருவர் அதைக் கழற்ற வேண்டுமென்றால் எதைச் சொல்லிக் கழற்றுவார்? தயவுசெய்து பெயர் வை.

ஃபில்டர் என்றாலே எனக்கு நம் வீட்டு மாடி கட்டிய நாள்தான் நினைவுக்கு வரும். படிக்கட்டில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்களே, நீ கூட எண்ணிக்கொண்டு நின்றாயே. வாங்கிய கல்லில் மண் தட்டலாம், தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் அடுத்த கைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டால் மேலே இருப்பவருக்கு வெறுங்கைதான். ஃபில்டரில் மாட்டிய ஃபங்ஷனும் அப்படித்தான், வாங்கிய மதிப்பை ரிட்டர்ன் செய்தே ஆக வேண்டும்.

நான் அப்படி வாங்கி வைத்துக்கொண்டவள். 2012-ல் ஒரு செய்தித் தளத்துக்கு, ஒவ்வொரு செய்தியின் கீழும் தொலைபேசி எண் வரும்படி, பக்கத்தின் உள்ளடக்கம் கடந்து போகும் தி கன்டென்ட் ஃபில்டரில் எழுதினேன். செய்திப் பக்கமாக இருந்தால் எண்ணைச் சேர்த்து ரிட்டர்ன். செய்திகளைத் திறந்து பார்த்தேன், அருமையாக வந்தது. மறுநாள் ஞாயிறு காலை போன். 'எங்களைப் பற்றி', 'தொடர்பு' பக்கங்கள் எல்லாம் தலைப்போடு நிற்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் கோப்புகளை மாற்றினேன், டேட்டாபேஸைத் துழாவினேன், நாலு மணி நேரம் போயிற்று. இஃப்புக்கு வெளியே ஒரு ரிட்டர்ன் வரி இல்லை, அவ்வளவுதான். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில், 'நல்' (null), அதாவது வெறுமையைக் கொடுக்கும், அதற்கும் எரர் கிடையாது. அந்தச் செய்தித் தளத்துப் பையன் போனில் "அக்கா, விளம்பரக்காரங்க கேக்குறாங்க" என்று கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் ஊகிப்பதையே விட்டேன். மதிப்பு எங்கே காணாமல் போகிறது என்று அளந்து பார்ப்பேன். ஒரே ஃபில்டரில் 1, 9, 12, 999 என்று நாலு பிரையாரிட்டியில் சின்ன ஃபங்ஷன் மாட்டு. வந்ததை அப்படியே ரிட்டர்ன் செய்துவிட்டு, அதன் நீளத்தை மட்டும் எரர் லாகில் எழுதட்டும். 9-ல் 4200, 12-ல் 0 என்றால் மதிப்பை விழுங்கிய ஆள் இடையில்தான் இருக்கிறான். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில், பிழை தேடும் அமைப்புகளான டிபக்கும் டிபக் லாகும் ட்ரூ, டிபக் டிஸ்பிளே ஃபால்ஸ் என்று வை. அப்போது எல்லாம் டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டரில் உள்ள டிபக் லாக் கோப்பில் விழும், பார்க்க வருபவர்கள் கண்ணில் படாது. குவெரி மானிட்டர் என்ற பிளக்கினைப் போட்டுக்கொண்டால் எந்த ஹூக்கில் எது எந்த எண்ணில் நிற்கிறது என்று பட்டியலாகவே காட்டும்.

காலையில் ஆபீஸ் போனதும் முதலில் அந்த 20-ஐப் போட்டுப் பார். வரவில்லை என்றால் டிபக் லாக் கோப்பின் கடைசி இருபது வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பு, பத்து மணி வரை வீட்டில்தான் இருப்பேன். ராத்திரி சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. பருப்புப்பொடி தீர்ந்திருக்கும், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா