பெரியப்பாவுக்கு: உங்கள் நீல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள பெரியப்பா,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் மரப்பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். அதுவரை பெரியம்மாவுக்கு மனசு வரவில்லை. இழைப்புளி, மூன்று அளவில் உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் நீங்கள் வைத்த இடத்திலேயே எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தன. ரம்பத்துக்கு அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. "இதை நீயே வெச்சுக்கோ" என்று பெரியம்மா என் கையில் கொடுத்துவிட்டார். படித்து முடித்த பிறகு உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" நீங்கள் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை. சுருள் சுருளாகச் சீவல் விழுந்துகொண்டே இருந்தது. "நான் வழி போட்டேன் தம்பி" என்றீர்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. நீங்கள் இருந்தது பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சேப்பர்ஸ், 1780இல் தொடங்கிய படை. பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ளும் அதே கையால் தச்சு, கொத்து, குழாய் என்று ஏதாவது ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் கைக்கு வந்தது தச்சு. அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர் என்று பிறகுதான் அறிந்தேன். மகன் முறையான என்னையும், தபால்காரரையும், உங்களைவிட மூத்த ஹெட்மாஸ்டரையும் நீங்கள் ஒரே மாதிரி தம்பி என்று கூப்பிட்டதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷக்கர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் நீங்கள் இருந்தீர்கள். 9 எஞ்சினியர் ரெஜிமெண்ட். 15ஆம் தேதி இரவு, ஆற்றைத் தாண்டிவிட்ட காலாட்படைக்கு டாங்கிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. நடுவில் கண்ணிவெடி வயல். முழுப் பாதையும் சுத்தமாகும் முன்னே டாங்கிகள் அதற்குள் இறங்கின. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில் 21 வயது அருண் கேத்ரபால் உயிர் கொடுத்ததும், அவருக்குப் பரம் வீர் சக்கரம் கிடைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த டாங்கிகளுக்கு முன்னால் தரையில் கிடந்து மண்ணைத் தடவியவர்களின் கதை அவ்வளவாக வெளியே தெரியாது. உங்கள் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தப் போரில் இறந்து, மகாவீர் சக்கரம் பெற்றார். அவர் பெயரை நீங்கள் சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

அந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்றும் ஒரே ஒரு தடவைதான் காட்டினீர்கள். வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில், ஒரு நீளக் கம்பியை வைத்துக்கொண்டு. குப்புறப் படுத்தீர்கள். கம்பியைச் சாய்வாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டீர்கள். "நேரா குத்தினா வெடியோட தலையில படும். சாய்ச்சு விட்டா விலாவுல முட்டும். முட்டினதும் கை நிக்கணும்." கம்பியை விரல் நுனியில்தான் பிடித்திருந்தீர்கள், உள்ளங்கை படவே இல்லை. அப்புறம் எழுந்து, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வேலைக்குப் போனீர்கள்.

இழைத்த பலகையை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு வழவழவென்று தெரியும் இடத்தில், "இங்க ஒரு மேடு இருக்கு" என்பீர்கள். இழைப்புளி போட்டால் அந்த இடத்தில் மட்டும் சீவல் வரும். அந்த விரல்கள் எங்கே பழகியவை என்று இப்போது தெரிகிறது.

பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராகத் திரும்பி வந்து உளியை எடுத்தீர்கள். நீங்கள் போட்ட கதவுகள் மழைக்காலத்தில் இறுகியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாட்டில்தான் ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். அதனால் சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் இறக்கி, ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடுவீர்கள். "பலகை மூச்சு விடட்டும் தம்பி." அக்காக்கள் இரண்டு பேருக்கும் இழைப்புளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். பெண் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டவர்களுக்குப் பதிலே சொல்லவில்லை. பெரியக்கா வீட்டு அலமாரி முழுக்க அவள் கை வேலை. அதை நீங்கள் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தெருவில் யார் பள்ளம் தோண்டிப் போட்டாலும், இருட்டுவதற்குள் நான்கு குச்சி நட்டு வெள்ளை நாடா கட்டிவிட்டுத்தான் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். வெடி எடுத்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள் என்று படித்தபோது, படித்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

மொத்தம் 31 பேர். முதல் பக்கத்தில் இருப்பவர்கள் உங்களோடு படையில் இருந்தவர்கள். போகப் போக அவர்களுடைய மனைவிமார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பென்ஷன் ஆர்டர் எண், வங்கிக் கிளை, பார்ட் டூ ஆர்டர் தேதி. ஒரு ஜவானின் கல்யாணமும் பிள்ளைகள் பிறப்பும் அந்த ஆர்டரில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாமலோ, மனைவி பெயர் ஓரெழுத்து மாறியோ இருந்தால், அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அந்த அம்மா வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். ஓர் அம்மாவுக்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரே பதிவாகியிருந்ததும், ஓர் அலுவலகத்தில் "இந்தப் பெயரில் இருப்பது நீங்கள்தானா" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவரை அழ வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் பதினொரு கடிதம் எழுதினீர்கள். எல்லாவற்றின் நகலும் நோட்டில் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும், ஆள் உயிரோடு இருக்கும்போதே, டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டு வாங்கிப் பெயரைச் சரிபார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள்.

பென்ஷன் நிற்காமல் வர, ஒவ்வொரு நவம்பரும் உயிர்வாழ் சான்றுக்கு அவர்களை அழைத்துப் போவீர்கள். 2014இல் அது ஆதார் வழியாக இணையத்தில் வந்தபோது நானும் கூட வந்தேன். எல்லோருக்கும் விரல் ரேகை பதிந்தது, உங்களுக்குப் பதியவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். "ரேகையே இல்லையே ஐயா" என்றான் அந்தப் பையன். உளியிலும் மரத்திலும் தேய்ந்துபோன விரல்கள். நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்த பிறகுதான் உங்களுக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

நோட்டில் நான்கு பெயர்களுக்கு மேல் கோடு. நான்காவது உங்கள் பெயர். நீங்கள் கோடு போட்டிருக்க முடியாது, பெரியம்மாதான் போட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. கடைசியாக, 31ஆவதாக, உங்கள் கையெழுத்தில் பெரியம்மாவின் பெயர். ஆதாரில் எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. கல்யாணம் பதிவான பார்ட் டூ ஆர்டர் எண், தேதி. பக்கத்தில் 'பார்த்தாச்சு, சரி' என்று எழுதி அடிக்கோடு. தேதியைப் பார்த்தேன். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போவதற்கு மூன்று வருஷம் முந்தியது.

அவருக்குக் குடும்ப பென்ஷன் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது பெரியப்பா. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நேற்று அவரை அழைத்துப் போனேன். அவருக்கு இது முதல் நவம்பர். விரலை வைத்ததும் பதிந்துவிட்டது. நோட்டில் அவர் பெயருக்கு நேரே டிக் போட்டிருக்கிறேன். இன்னும் 26 பேர் பாக்கி. வரும் சனிக்கிழமை ஆறு பேரை அழைத்துப் போகிறேன், சின்னக்காவும் வருகிறாள்.

உங்கள்
தம்பி